அபிஷேகப்பட்டி மாணவருக்கு என்ன பதில்?

கோட்டூர்புரத்தில் 2025 ஆகஸ்டில் சென்னை இதழியல் கல்வி நிறுவனத்தை முதல்வர் தொடங்கிவைத்தார். ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு. அரசு ஒதுக்கிய நிதி ரூ.7.75 கோடி. ஊடக உலகமே பாராட்டியது. அந்தப் பாராட்டில் என்னால் சேர முடியவில்லை.

ஏனெனில், மாநில அரசின் கையில் இதழியல் கல்வி ஏற்கெனவே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947-லேயே இதழியல் பட்டயப் படிப்பு தொடங்கிவிட்டது. மதுரை காமராசர், கோவை பாரதியார், சேலம் பெரியார், நெல்லை அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் என்று பல பல்கலைக்கழகங்களில் இதழியல், தொடர்பியல் துறைகள் உண்டு. அங்கே வருபவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள், குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். தரமணியில் உள்ள தனியார் இதழியல் கல்லூரியில் ஆங்கிலத்தில் ஓராண்டு படிக்கப் பல லட்சம் கட்ட அவர்களால் ஆகாது. அவர்களுக்கு இருக்கும் ஒரே கதவு அரசுப் பல்கலைக்கழகம்தான். அந்தக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடக்கும்போது பக்கத்தில் புது வாசல் வைப்பது என்ன நியாயம்?

ஒரு மாவட்டப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறைக்குச் சிறப்புரை ஆற்றப் போயிருந்தேன். மாணவர் இதழைக் கொடுத்தார்கள். எட்டுப் பக்கம், முதல் பக்கத்தில் பட்டமளிப்பு விழாப் படம். ஏழாம் பக்கத்தில், தன் ஊர்க் கல்குவாரி லாரிகளால் பள்ளிச் சாலை குண்டும் குழியுமானதைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, குத்தகைக் காலம் முடிந்த விவரத்தை வாங்கிச் சேர்த்திருந்தார். எந்த நாளிதழும் போடக்கூடிய செய்தி. இதழ் யாருக்கெல்லாம் போகிறது என்று கேட்டேன். உள்மதிப்பீட்டுக்காக அச்சிட்டதாம், மதிப்பெண் போட்டதும் கட்டுக் கட்டாகப் பீரோவில் ஏறிவிட்டது. அந்த ஊர் மக்கள் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. தேர்வில் அந்த மாணவி எழுத வேண்டியதோ, 1948-இல் லாஸ்வெல் சொன்ன தொடர்பியல் மாதிரிக்கு ஐந்து மதிப்பெண் விடை!

சொல்லிக்கொடுப்பவர்களின் நிலை இன்னும் மோசம். நிரந்தரப் பணியிடங்கள் காலியாகவே கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறார்கள். அவர்களின் ஊதியத்துக்கு 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வகுத்த உச்சவரம்பு மாதம் ரூ.50,000. அரசுக் கல்லூரிகளில் அதில் பாதியைக் கொடுத்தே காலம் தள்ளினார்கள். சென்னைப் பல்கலைக்கழகமோ 2023 ஆகஸ்டுக்குப் பிறகு துணைவேந்தர் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா அரசா என்ற சண்டையில் மாணவர்களைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை.

மாநிலப் பல்கலைக்கழகத்தால் முடியாது என்பவர்களுக்கு நான் எங்கு போனாலும் சொல்லும் பதில் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரியில் கிண்டியில் 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி. தில்லியிலோ மும்பையிலோ வரவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் என்ற மாநிலப் பல்கலைக்கழகத்தில் வந்தது. வளாகங்களுக்குச் சமூக வானொலி உரிமம் என்று 2002 டிசம்பரில்தான் ஒன்றிய அரசு கொள்கை அறிவித்தது. ஓராண்டு சொச்சத்தில் இங்கே மைக் முன்னால் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. சிறிய ஒலிபரப்பி, சில கிலோமீட்டர் எல்லை. சுற்றுவட்டாரக் குடியிருப்புப் பெண்களே உடல்நலம், சத்துணவு பற்றிப் பேசினார்கள், நிகழ்ச்சி தயாரித்தார்கள். ஒலிப்பதிவும் தொகுப்பும் நேயர் கடிதமும் பாடப் புத்தகத்தில் இல்லாமல் கண்ணெதிரே நடந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இதை ஒவ்வொரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் கட்டாயமாக்க எந்த உயர்கல்வி அமைச்சருக்கும் தோன்றவில்லையே!

அங்கும் ஒரு விலங்கு உண்டு. சமூக வானொலியில் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. வேண்டுமானால் ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். செய்தி எழுதப் படிக்கும் மாணவர், தன் வளாக வானொலியில் தான் எழுதிய செய்தியை வாசித்தால் விதிமீறல். ஒலியலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மாநில உரிமைக்காக மூச்சுக்கு முந்நூறு முறை பேசுபவர்கள் இந்தத் தடையை எதிர்த்து ஒரு கடிதமாவது எழுதலாமே.

‘புது நிறுவனம் வந்தால் போட்டி வரும், பழைய துறைகளும் திருந்தும்’ என்கிறார்கள். சம்பளமே சரியாக வராத துறை எதை வைத்துப் போட்டி போடும்? இது வாதமே இல்லை.

தனி நிறுவனம் நிலைத்து நிற்கும் என்பதற்கும் உறுதி இல்லை. ராஜஸ்தானைப் பாருங்கள். 2012-இல் காங்கிரஸ் ஆட்சி ஜெய்ப்பூரில் இதழியலுக்கென்றே ஹரிதேவ் ஜோஷி பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. அடுத்து வந்த பாஜக ஆட்சி அதை மூடி, ராஜஸ்தான் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தது. 2018 இறுதியில் மறுபடி காங்கிரஸ், 2019-இல் மறுபடி திறப்பு. ஓர் ஆட்சி தனியாகக் கட்டிய நிறுவனத்தை அடுத்த ஆட்சி ஒரே ஆணையில் கலைத்துவிடும். பல்கலைக்கழகத்துக்குள் வேர்விட்ட துறையை அப்படிப் பிடுங்க முடியாது.

எனவே, கோட்டூர்புர நிறுவனத்தைத் தனியாக நடத்தாமல் மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளோடு இணைத்துவிட வேண்டும். மூத்த செய்தியாளர்கள் சென்னையில் இருந்தபடி பாடம் நடத்தாமல், பருவத்துக்கு ஒரு மாதம் நெல்லைக்கும் சேலத்துக்கும் போகட்டும். ஒவ்வொரு துறைக்கும் ஒரு வானொலியும், மாவட்டத்துக் கடைகளில் விலைக்குக் கிடைக்கும் ஒரு வார இதழும் வேண்டும். இவை இல்லாத துறை ஊடகப் பட்டம் வழங்குவதற்கே தடை விதிக்கலாம். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்காவிட்டால், பத்தாண்டுகளில் மாவட்டச் செய்தி எழுத இந்த மாநிலத்தில் படித்த ஆள் ஒருவரும் இருக்கமாட்டார்.