எழுதாச் சட்டம்

பாடசாலையின் சுவரில் தொங்கும் விதிகளை எவரும் படிக்கலாம். உள்ளே ஆட்சி புரியும் விதிகளோ எங்கும் எழுதப்படவில்லை. எவன் எந்தப் பலகையில் அமர்வது, துடைப்பத்தை எவன் கையில் கொடுப்பது, எவனுடைய பேச்சைக் கேட்டு வகுப்பு நகைப்பது என்பனவெல்லாம் அச்சட்டத்தின் ஷரத்துக்கள். அதற்கு வாதமில்லை, அப்பீலுமில்லை.

இது தேசிய இயக்கத்திற்குப் புறம்பான தீமை என்று கூறுவதற்கில்லை. தேசபக்தர் வ. வே. ஸு. ஐயர் நடத்திய சேரமாதேவி குருகுலம் தேசியக் கல்வியின் விளக்கென மதிக்கப்பட்டது. அங்கும் பிராம்மணச் சிறுவர் சிலருக்குத் தனிப்பந்தி நடந்தது. பெற்றோர் விருப்பமென்று சமாதானம் சொல்லப்பட்டது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் ஆக்ஷேபித்தனர்; 1925-ல் அவ்விவகாரம் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கிற்று. ஓர் இலைப் பந்தியின் இடைவெளியில் ஒரு தேசத்தின் பிளவு வெளிப்பட்டது.

1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சாஸனம் தன் 17-ஆவது ஷரத்தில் தீண்டாமையை ஒழித்தது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிற்று. கதவு திறந்தது மெய்யே. ஆயினும் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணாக்கன் ஒருவனும் அவன் தங்கையும், அவனுடன் பயின்ற மாணாக்கராலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அரிவாள் ஒரே நாளில் உயர்வதில்லை. கையில் கட்டிய வர்ணக் கயிற்றைக் கண்டும் காணாதிருந்த மௌனமே அதனைத் தீட்டியது.

கொடுமை எப்போதும் ரத்தம் சிந்துவதுமில்லை. "வீட்டில் தகப்பனாரைக் கேட்டு எழுதி வா" என்கிறார் உபாத்தியாயர். அவர் தீயவரல்லர். ஆனால் அவ்வார்த்தை, எழுத்தறிந்த தகப்பனார் உள்ள வீட்டையே வீடென்று கொள்கிறது. கேட்க ஆளில்லாத பிள்ளை மறுநாள் 'சோம்பேறி' எனப் பெயர் பெறுகிறான். சில ஆண்டுகளில் அவனே அதை நம்பிப் பள்ளியை விட்டு அகல்கிறான். பின்னர் நாம் 'தகுதி' பற்றிப் பிரசங்கம் புரிகிறோம்!

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து ஜாதியை அகற்றுக, ஜாதி காட்டும் கயிறுகளைத் தடுக்க, அகர வரிசைப்படி மாணாக்கரை அமர்த்துக என்பன அதன் யோசனைகளிற் சில. இவை அறிக்கையில் உறங்கலாகாது. ஒவ்வொரு கிராமத்துத் தொண்டரும் தம்மூர்ப் பாடசாலைக்குள் சென்று, துடைப்பம் யார் கையில் இருக்கிறதென்று பார்க்கட்டும். எழுதாத சட்டத்தை எழுதிக் காட்டுவதே அதனை ரத்துச் செய்வதற்கு முதற்படி.