ஒன்பது ஊசி இணைப்புக்கு இடமில்லையா?

எங்கள் பள்ளி அறிவியல் கூடத்து மின்னணுத் தராசு இன்றும் சரியாக நிறுக்கிறது. ஆனாலும், கழித்துவிட வேண்டிய பொருள்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். காரணம், புதிய மடிக்கணினியில் அதன் ஒன்பது ஊசி இணைப்புக்கு இடமில்லை!

ஆர்எஸ்-232 என்பது, கணினி முனையமும் மோடமும் பேசிக்கொள்ள 1960இல் அமெரிக்காவில் வகுத்த தரமுறை. தரவு ஒவ்வொரு பிட்டாக வரிசையில் செல்லும். 3 முதல் 15 வோல்ட் வரை நேர் மின்னழுத்தம் என்றால் 0. அதே அளவு எதிர் மின்னழுத்தம் என்றால் 1. யுஎஸ்பியின் மொழி வேறு. நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் மாற்றி.

பொருத்துவது கடினமல்ல. மாற்றியைச் செருகி, அதற்குரிய மென்பொருளை நிறுவி, கணினி தரும் ‘காம்’ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும். தராசு 9600இல் அனுப்ப, கணினி 2400இல் கேட்டால் திரையில் கிறுக்கல்தான் வரும். ஒன்றுமே வராவிட்டால், அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் இடம் மாறியுள்ளனவா என்று பாருங்கள். ஓர் எச்சரிக்கை: 5 வோல்ட்டில் இயங்கும் சிறு மின்பலகையில் இந்த இணைப்பை நேரடியாகக் கொடுத்தால் சில்லு கருகலாம்.

சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் இரு மாணவர்கள்தான் எங்கள் தராசைப் பேசவைத்தார்கள். பாட்டி பால் நிறுத்துக் கூலி வாங்கிய கதையை ஒருவன் சொன்னான். அவன் நிறுத்ததோ கணினியில் வரைபடமாக எழுந்தது.

தொழிற்சாலைகளில் இன்றும் தொடர் இணைப்பில் பேசும் இயந்திரங்கள் ஏராளம். அவற்றைப் பழுதுபார்க்கும் வேலை நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டாமா? எனவே, கழித்துவிடும் முன் ஒரு கேள்வி கேட்போம்: கெட்டது கருவியா, இணைப்பா? அதற்கு விடை தேடுவதையே செய்முறைப் பாடமாக்குவோம்.