நெய்வேலியிலிருந்து பனிமலைக்கு

பனி என்றால் நெய்வேலிக்காரருக்கு மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். காலை ஷிப்டுக்குப் போகிறவர் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார். எட்டு மணி வெயில் ஏறியதும் துண்டு தோளுக்கு இறங்கிவிடும். அக்கினி நட்சத்திரத்திலோ திறந்தவெளிச் சுரங்கம் அனலாய்க் கொதிக்கும். 1957-ஆம் ஆண்டு மே மாதக் கோடையில்தான் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். வெயிலில் பிறந்த ஊர் அது.

அந்த ஊரின் குடும்பங்கள் இன்று பெட்டி படுக்கையுடன் மணாலிக்கும் குல்மார்க்குக்கும் புறப்படுவது அதிசயமல்ல. "இதெல்லாம் நமக்கு எதற்கு? அந்தக் காசில் ஒரு சவரன் வாங்கலாமே!" என்று முணுமுணுப்பவர்கள் எல்லா வட்டத்திலும் உண்டு. முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். ஆண்டு முழுவதும் ஷிப்டு மாற்றி ஷிப்டு உழைக்கும் தகப்பனும், அந்த ஷிப்டுக்கெல்லாம் ஈடுகொடுத்து நள்ளிரவிலும் அடுப்புப் பற்றவைக்கும் தாயும், பிள்ளைகளோடு சேர்ந்து விழுந்து புரண்டு சிரிக்க ஒரு நாள் கிடைக்கிறது. அதை ஊதாரித்தனம் என்பது நியாயமல்ல.

நெய்வேலிக்கு அண்டையிலுள்ள திருவாமூரில் பிறந்தவர் அப்பர் அடிகள். அவர் கயிலைக்கு நடந்தே புறப்பட்டார். கால் தேய்ந்து, உடல் தேய்ந்து வழியிலே வீழ்ந்தார். பிறகு திருவையாற்றில் கயிலைக் காட்சி கண்டார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. இன்று அதே வட்டாரத்தார் சென்னையில் ரயிலேறினால் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் கடந்து, இரண்டு இரவில் டெல்லியில் இறங்குகிறார்கள். இன்னும் ஓர் இரவு பஸ்ஸில் போனால் மணாலி.

ஆனால் எப்போது போவது? இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்து திரும்புகின்றன. பள்ளி விடுமுறை மே மாதத்தில். அப்போது சோலாங் பள்ளத்தாக்கு பச்சைப் புல்வெளி! பனி வேண்டுமானால் 3,978 மீட்டர் உயரத்து ரோதங் கணவாய்க்கு ஏறவேண்டும். அங்கே கிடப்பது நாள்பட்டு இறுகிய அழுக்குப் பனி. வண்டிப் புகையின் கரி படிந்து பனி உருகுகிறது என்று 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே தலையிட வேண்டியதாயிற்று. அதன்பின் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தாம் என்று வரம்பு கட்டினார்கள். அனுமதிச் சீட்டு இல்லாதவர் அடிவாரத்தோடு சரி.

அரையாண்டு விடுமுறையிலோ போக மூன்று நாள், வர மூன்று நாள் கழிந்தால் மிஞ்சுவது சொற்பம். பனியும் முன்போல் சொன்ன நாளில் வருவதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கே வெறுந்தரையாய்க் கிடந்தது. 2025-இல் அங்கு பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனியில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். எனவே ஜனவரிக் கடைசியோ பிப்ரவரியோதான் ஓரளவு நம்பத்தக்கது. ஆறாவது படிக்கும் பிள்ளைக்கு அதற்காக ஒரு வாரம் லீவு கொடுத்தால் கல்வி குடிமுழுகிப் போய்விடாது. தலைமையாசிரியர்கள் பெரிய மனது பண்ணலாம். பத்தாவது, பன்னிரண்டாவது படிப்பவர்கள் பொறுத்திருக்கட்டும்.

போய்ச் சேர்ந்தபின் நடப்பது என்ன? வழியோரக் கடையில் வாடகைக் கோட்டும் கம்பூட்ஸும் மாட்டுகிறார்கள். சேலைக்கு மேல் கால்சட்டை ஏறுகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மரச்சறுக்கு வண்டியில் உட்கார்த்தி ஓர் ஆள் இழுக்கிறார். நீண்ட பலகைகளைக் காலில் பூட்டிப் பத்து நிமிஷம் நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். பார்த்ததென்னவோ பார்த்தாயிற்று, விளையாடியதாகச் சொல்ல முடியாது.

பனிச்சறுக்கு அவ்வளவு கடினமான வித்தையன்று. முதற்பாடம் விழுவது, இரண்டாம் பாடம் எழுவது, மூன்றாவது நிற்பது. பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றினால் வேகம் குறைந்துவிடும். அரை நாள் ஒரு பயிற்சியாளரிடம் கற்றால் சிறு சரிவில் எவரும் இறங்கலாம். தென்னாட்டாருக்கு இது வராது என்பதும் வீண் பேச்சு. கேரளத் தந்தைக்கு மணாலியில் பிறந்த சிவ கேசவன், 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் லூஜ் என்னும் சறுக்குவண்டிப் போட்டியில் கலந்துகொண்டார். பனித்தடம் கிடைக்காத நாட்களில் வண்டிக்குச் சக்கரம் மாட்டி மலைச்சாலையில் பழகியவர் அவர்.

குதூகலத்தோடு ஜாக்கிரதையும் தேவை. கடலோர மாவட்டத்தவர் ஒரே பகலில் மூவாயிரம் மீட்டருக்குமேல் ஏறினால் தலைவலி, வாந்தி வரும். அப்போது மேலே ஏறாமல் கீழே இறங்குவதுதான் மருந்து. புதுப்பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும்; கறுப்புக் கண்ணாடி பகட்டுக்கு அல்ல. நனைந்த பருத்திக் காலுறையோடு குழந்தையை நிற்க வைக்கக் கூடாது. தடுத்த இடத்தைத் தாண்டவும் கூடாது. 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி சிக்கிமில் நாதுலா சாலையில் பனிச்சரிவில் சிக்கி ஏழு பிரயாணிகள் மாண்டார்கள். இரவில் குளிருக்கென்று மூடிய அறையில் கரியடுப்பு வைப்பது அதைவிட ஆபத்து. லெக்கோ கரியைத் தமிழ்நாடெங்கும் அனுப்பிய ஊர்க்காரருக்குக் கரிப்புகையின் குணத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பயணச் சலுகை உள்ளவருக்கே இதெல்லாம் எளிது. தினக்கூலிக் குடும்பத்துக்கு ஊட்டிதான் எல்லை. அங்கே ஜனவரி விடியலில் தலைகுந்தாப் புல்வெளி வெள்ளையாகும். அது உறைபனி, வானத்திலிருந்து பொழிவதன்று. சறுக்க முடியாது, வெயில் வந்தால் மறைந்துவிடும். ஆனாலும் கையில் அள்ளிப் பார்க்கும் குழந்தைக்கு அது போதும்.

இமாசல, காஷ்மீர சர்க்கார்களுக்கு ஒரு வார்த்தை. கோட்டுக்கு இவ்வளவு, சறுக்குப் பலகைக்கு இவ்வளவு, குதிரைக்கு இவ்வளவு என்று கட்டணப் பலகை ஒவ்வொரு கடை முன்பும் தொங்கவேண்டும். மூன்று பகல் பிரயாணம் செய்து வருகிறவர் பேரம் பேசியே பாதி நாளைத் தொலைக்கிறார்; மொழி தெரியாதவர் இரட்டிப்பாய்க் கொடுக்கிறார். அந்தப் பலகையில் தமிழிலும் நாலு வரி எழுதலாம். திருப்பதியில் எழுதியிருக்கிறார்களே!