படக்கதையும் பாடம் சொல்லும்

படக்கதைப் புத்தகம் என்றாலே பெரியவர்களின் முகம் சுருங்கிவிடுகிறது. கணக்குப் புத்தகத்துக்குள் அதை ஒளித்துவைத்துப் படித்து, கையும் களவுமாகப் பிடிபட்டு, பெஞ்சின்மேல் நின்ற அனுபவம் எங்களில் சிலருக்கு உண்டு. ஒளித்துப் படித்தது தவறுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் படக்கதையே தவறா?

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இக்கேள்வி எழுந்தது. கொலையும் கொள்ளையும் நிறைந்த காமிக்ஸ் புத்தகங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று அஞ்சி, 1948-இல் சில ஊர்களில் அவற்றைக் குவித்துத் தீயிட்டார்கள். பிங்காம்டன் நகரில் கத்தோலிக்கப் பள்ளி மாணவர்களே அவ்வாறு செய்தார்கள். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, டேட்டன் நகரத்துப் பதிப்பாளர் ஜார்ஜ் ஃபிளாம் வேறொரு வழியைத் தொடங்கியிருந்தார். கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ‘டிரெஷர் செஸ்ட்’ என்ற படக்கதை இதழை வெளியிட்டார். புனிதர் வரலாறு, அறிவியல், விளையாட்டு, வேடிக்கை எல்லாம் அதில் இருந்தன. 1946 முதல் 1972 வரை அது பள்ளிகள் வழியாகவே பிள்ளைகளின் கைக்கு வந்தது. ஒளித்துப் படிக்க அவசியமே இல்லை!

1964-இல் அவ்விதழில் ஒரு தொடர்கதை வந்தது. பெரி ரீஸ் எழுத, ஜோ சின்னட் படம் வரைந்தார். பெட்டிகுரூ என்பவர் நாட்டின் அதிபர் தேர்தலுக்குத் தம் கட்சியின் வேட்பாளராக முயல்கிறார். நல்லவர், அஞ்சாதவர். ஆனால் இதழுக்கு இதழ் அவர் முகம் மட்டும் மறைக்கப்பட்டே வந்தது. கடைசியில்தான் முகத்தைக் காட்டினார்கள். அவர் ஒரு கறுப்பினத்தவர்! நேசித்து முடித்த பிறகு நிறம் தெரிந்தால், வெறுப்பது எப்படி? கறுப்பின மக்களின் சம உரிமைச் சட்டம் கையெழுத்தானது அதே ஆண்டு ஜூலையில்தான். ஒபாமா அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ 2008-இல்.

இதை அறிந்ததும் எங்களை நாங்களே சோதித்துப் பார்த்தோம். ‘வீரமுள்ள ஒரு பெண்ணை வரையுங்கள்’ என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டு வரைந்தோம். அத்தனை கைகளும் ரோஸ் நிறக் கிரேயானையே தேடின. மாநிறமும் கறுப்புமாக அமர்ந்திருக்கும் எங்களில் ஒருத்திகூடத் தன் நிறத்தைத் தீட்டவில்லை. வெட்கப்பட்டோம். கிறிஸ்மஸ் நாடகத்தில் மாதா வேடத்துக்கு ‘சிவப்பான’ பிள்ளையைத்தானே நாமும் கைகாட்டுகிறோம்?

நம் மதுரைக்கு அருகிலுள்ள சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வந்தது. அதன் புகழ்பெற்ற இரும்புக்கை மாயாவி இங்கிலாந்துக் கதையின் நாயகன். அவன் வரட்டும், நம்மவர்களும் வரவேண்டாமா? சிரிப்பு வேண்டுமானால், மதுரை மறைத்தளத்தில் உழைத்த வீரமாமுனிவர் ‘பரமார்த்த குருவின் கதை’யைத் தந்திருக்கிறார். ஒரு குருவானவரே நம்மைச் சிரிக்க வைத்திருக்கிறாரே! வீரம் வேண்டுமானால், நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, சாதி பாராமல் எல்லாரையும் சமமாக மதித்து, 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டு இறந்த தேவசகாயம் இருக்கிறார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, அன்புப் பெற்றோரே! படக்கதைகளைப் பறிமுதல் செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். எவை நல்லவை என்று எங்களோடு அமர்ந்து படித்துச் சொல்லுங்கள். நூலகத்தில் அவற்றுக்கென ஓர் அலமாரி ஒதுக்குங்கள்.

அன்புத் தங்கைகளே! அதுவரை நாம் சும்மா இருக்கவேண்டாம். படக்கதைக் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றை நாமே தொடங்குவோம். முதல் கதை புனித தேவசகாயம். அவரை வரையும்போது, ரோஸ் கிரேயானைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, நம் அப்பாவின் நிறத்தையே தீட்டுவோம்!