கமாலாவின் காப்பு

நாடகம் பார்க்கிற பிள்ளை படிக்காது என்பது எங்கள் வீடுகளில் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை இயற்றியவர்களே மஃரிபுக்குப் பிறகு மெகா தொடருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள் என்பதையும் பணிவோடு பதிவு செய்கிறேன். மாமியார் பாலில் எதையோ கலக்க ஒரு வாரம், மருமகள் அந்தப் பாலைக் குடிக்காமல் கீழே ஊற்ற இன்னொரு வாரம். அதைப் பார்ப்பது பொழுதுபோக்கு, நாங்கள் பார்ப்பது நேரவிரயம்! இந்த வழக்கில் எங்கள் தரப்பைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

துருக்கியின் எர்துருல் தொடருக்கு மட்டும் வீடுகளில் விதிவிலக்கு உண்டு. 2014இல் தொடங்கி 2019இல் முடிந்த தொடர் அது. துருக்கியில் 150 நீண்ட பாகங்களாக ஒளிபரப்பானதை நெட்ஃபிளிக்ஸ் 448 துண்டுகளாக வெட்டிப் போட்டது. "இது வரலாறு, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று வாப்பாமாரே அனுமதி கொடுத்தார்கள். உண்மையில் எர்துருலைப் பற்றி வரலாற்றில் கிடைக்கும் செய்தி மிகக் கொஞ்சம். மிச்சமெல்லாம் கதாசிரியரின் கைவண்ணம். எனக்கும் அந்தத் தொடர் பிடிக்கும். குதிரைகள் பிடிக்கும், ஹலிமாவின் உடைகள் பிடிக்கும், கணவன் இறந்தபின் கோத்திரத்தையே தலைமையேற்று நடத்தும் ஹைமா தாயாரை எல்லாவற்றையும் விடப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு துரோகி இருக்கிறான். அவன் துரோகி என்பது பார்க்கிற எங்களுக்கும் குதிரைகளுக்கும் தெரியும், எர்துருலுக்கு மட்டும் கடைசி வரை தெரியாது. எங்கள் வகுப்பில் இதற்குப் பந்தயமே நடந்தது.

பாகிஸ்தானில் 2013இல் வந்த புர்கா அவெஞ்சர் இன்னொரு ரகம். அது கார்ட்டூன். பாடகர் ஹாரூன் உருவாக்கியது. பெண்பிள்ளைகளின் பாடசாலையை மூட வருகிறவர்களை ஜியா என்ற ஆசிரியை எதிர்க்கிறாள், ஆயுதம் பேனாவும் புத்தகமும். ஜியா டீச்சர் வகுப்பில் தலையை மூடுவதில்லை, சண்டைக்குப் போகும்போது மட்டும் புர்கா அணிகிறாள். இது சரியா என்று அந்நாட்டிலேயே விவாதம் எழுந்தது. எனக்கு அந்த விவாதத்தைவிட, புத்தகம் பட்டு வில்லன் சுருண்டு விழுவதுதான் இனித்தது. எங்கள் உயர்தரப் பொருளியல் புத்தகத்தின் கனத்துக்கு ஒரு படையையே சாய்க்கலாம்.

இவையெல்லாம் முன்னுரை. நான் சொல்ல வந்த தொடர் மிஸ் மார்வல்.

கமாலா கான் என்ற அந்தப் பாத்திரம் முதலில் படக்கதையில் பிறந்தது. 2013இல் தலையைக் காட்டி, 2014இல் தனக்கென்று ஓர் இதழைப் பெற்றது. மார்வல் நிறுவனத்தில் தனி இதழ் கிடைத்த முதல் முஸ்லிம் கதாநாயகி அவள்தான். அவளை உருவாக்கியவர்களில் சனா அமானத் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண், எழுதிய ஜி. வில்லோ வில்சன் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கர். 2022 ஜூன், ஜூலையில் அது ஆறு பாகத் தொடராக வந்தது. கமாலாவாக நடித்த இமான் வெல்லானி கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர், இதற்கு முன் எதிலும் நடித்ததில்லை. 2022 ஜூன், ஜூலை என்றால் இலங்கையில் எப்படிப்பட்ட மாதங்கள் என்று சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் வரிசைக்கும் மின்வெட்டுக்கும் நடுவில், யாரோ பென் டிரைவில் கொண்டுவந்த பாகங்களை அரை அரையாகப் பார்த்தவர்கள் நாங்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கமலா என்று வாசித்துவிட்டு "இதென்ன முஸ்லிம் பெயரா?" என்று கேட்டவர்கள் உண்டு. அது தாமரைக் கமலா இல்லை. எங்கள் ஊர்க் கமால்தீன்களின் கமால். அரபியில் நிறைவு, உருதுவில் அற்புதம். கடைசிப் பாகத்தில் வீட்டு மொட்டை மாடியில் வாப்பா யூசுப் மகளுக்கு அவள் பெயரின் பொருளைச் சொல்கிறார். ஆங்கிலத்தில் அற்புதம் என்பதுதான் மார்வல். பட்டப்பெயரை வெளியில் தேடித் திரிந்தவளுக்கு, அது பிறந்தபோதே வைத்த பெயருக்குள் இருந்தது.

சின்னச் சின்ன விடயங்களில் இந்தத் தொடர் எங்களைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. பள்ளிவாசலுக்குப் போன தோழி நாகியாவின் விலையுயர்ந்த சப்பாத்து காணாமல் போகிறது. உலகத்தின் எந்த மூலையிலும் பள்ளிவாசல் வாசலில் செருப்புக்குப் பாதுகாப்பில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். பெண்கள் தொழும் பக்கம் மட்டும் ஏன் இப்படி இடிந்து கிடக்கிறது என்று கேட்டு, அதே நாகியா பள்ளி நிர்வாக சபைத் தேர்தலில் நின்று வெல்கிறாள். ஹிஜாப் அணியத் தொடங்கிய பிறகுதான் நான் நானாக இருக்கிறேன் என்று பாடசாலைக் கழிவறையில் நின்று கமாலாவிடம் சொல்கிறாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை, யாரும் அவளுக்காக அழவும் இல்லை. வழமையாக ஆங்கிலப் படங்களில் ஹிஜாப் அணிந்த பெண் வந்தால் ஒன்று குண்டு வெடிக்கும், அல்லது கடைசிக் காட்சியில் அவள் அதைக் கழற்றுவாள். சோதனை போட வரும் அதிகாரிகள் பள்ளிவாசலுக்குள் நுழையும்போது சப்பாத்தைக் கழற்றச் சொல்லும் காட்சியும் இருக்கிறது. 2019க்குப் பிறகு இந்த நாட்டில் வளர்ந்த முஸ்லிம் பிள்ளைகளுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

உம்மா முனீபாவையும் சொல்ல வேண்டும். கமாலா மாறுவேடப் போட்டிக்குப் போகக் கெஞ்சியதும் "நாங்களும் வருகிறோம்" என்று பெரிய ஹல்க் உடுப்பும் சின்ன ஹல்க் உடுப்பும் தைத்து வைக்கிறார்கள் பெற்றோர். வாப்பா பச்சைச் சாயம் பூசிக்கொண்டு நிற்கிறார். இதைவிட வெட்கக்கேடு எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். ஆனால் போட்டிக்குக் கள்ளமாகப் போன மகளோடு சண்டை பிடித்த அதே உம்மா, கடைசியில் அவளுக்கு வீராங்கனை உடுப்பைத் தன் கையாலேயே கொடுக்கிறார். பேட்மேனுக்கு யாருமில்லை, சூப்பர்மேனின் ஊரே அழிந்துவிட்டது, ஸ்பைடர்மேன் அநாதை. பெற்றோர் உயிரோடிருந்து, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி வீராங்கனையாவது எங்களுக்குப் புதிது. இரவில் வெளியே போக அனுமதி வாங்குவதுதான் அவளுக்கு உலகத்தைக் காப்பாற்றுவதைவிடப் பெரிய பாடு.

குறைகளும் உண்டு. வில்லன் கூட்டத்தை ஜின்கள் என்று அழைப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அவர்கள் வேறோர் உலகத்தவர், ஜின் என்பது ஊரார் இட்ட பெயர் என்று கதை பிறகு சமாளிக்கிறது. இருந்தாலும் நம்பிக்கை சார்ந்த ஒரு சொல்லை வில்லனுக்கு ஒட்ட வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தின் முடிவும் அவசரச் சமையல். 2023இல் அதே கமாலா வந்த தி மார்வல்ஸ் படமோ, அவளுடைய குடும்பம் திரையில் இருந்த நேரம் தவிர எனக்கு ருசிக்கவில்லை.

இனிக் காப்புக்கு வருகிறேன். படக்கதையில் கமாலா உடலை நீட்டுவாள், சுருக்குவாள். தொடரில் அதை மாற்றி, அவள் பாட்டி கராச்சியிலிருந்து அனுப்பிய பழைய காப்பு ஒன்றிலிருந்து சக்தி வருவதாக வைத்தார்கள். படக்கதை ரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். நான் மாற்றத்தின் பக்கம். காப்பு யாருடையது என்று கமாலா கேட்கும்போது உம்மா பேச்சை மாற்றுகிறார். அது பாட்டி சனாவின் தாய் ஆயிஷாவுடையது. ஆயிஷாவின் பெயரை எடுப்பதே அந்த வீட்டில் விலக்கு. கமாலா கராச்சிக்குப் போய்த்தான் கதையைத் தெரிந்துகொள்கிறாள். 1947, பிரிவினை. பாகிஸ்தானுக்குப் போகும் கடைசி ரயில், நெருக்கியடிக்கும் சனம், கூட்டத்தில் கைவிட்டுப் போன சின்னப்பிள்ளை. அந்தப் பிள்ளைதான் சனா. அன்றிரவு நட்சத்திரங்கள் வழிகாட்டி அவளை வாப்பாவிடம் சேர்த்தன என்பது குடும்பத்துக் கதை. அந்த நட்சத்திரங்களைப் போட்டது யார் என்பதுதான் ஐந்தாம் பாகம்: காப்பு கமாலாவை அந்த ரயில் நிலையத்துக்கே கொண்டுபோகிறது. பேத்தி போய்ப் பாட்டியைக் காப்பாற்றுகிறாள்.

இந்தப் பாகங்களை எடுத்தவர் இரண்டு ஒஸ்கார் வென்ற பாகிஸ்தானிய ஆவணப்பட இயக்குநர் ஷர்மீன் ஒபைத் சினோய். அதனால்தானோ என்னவோ, அந்த ரயில் நிலையத்தில் மார்வல் வாடையே இல்லை. மூட்டைகள், குடங்கள், பெயர் சொல்லிக் கூவும் குரல்கள்.

அந்தப் பாகத்தை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் உம்மம்மா தஸ்பீஹ் மணியோடு பின்னால் இருந்தார். ஆங்கிலமும் விளங்காது, உருதுவும் விளங்காது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆட்டைத் தோட்டவெளியில குடுத்துட்டுத்தான் வள்ளம் ஏறினேன்" என்றார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிறுத்திவிட்டுக் கேட்டோம். மூன்று ஆடு. ஒன்று சினை. தோட்டவெளியில் ஒரு வேதக்காரச் சிநேகிதியிடம் கயிற்றோடு கொடுத்தாராம், ஒரு கிழமையில் வந்துவிடுவேன் என்று. அந்தச் சிநேகிதியும் கொஞ்ச நாளில் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறிவிட்டார். ஆடுகள் என்னவாயின என்று இருவருக்குமே தெரியாது. உம்மாவும் இந்தக் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

பாடப்புத்தகத்தில் தேடினால் சில வரிகள்கூடக் கிடைப்பது கஷ்டம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம், பெண்களின் காதில் கையில் கிடந்ததையும் கழற்றி வாங்கினார்கள். மன்னார்த் தீவில் சில நாள் அவகாசம். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் சனம் பெரும்பாலும் வள்ளங்களில் கல்பிட்டிக்குப் போய், புத்தளத்து ஓலைக் குடிசைகளில் இறங்கியது. எங்கள் வயதுப் பிள்ளைகள் பலருடைய உம்மாமார் அங்கே வளர்ந்தவர்கள். கமாலாவின் பாட்டி தன் கடவுச்சீட்டில் ஒரு நாடும் தன் வேரில் இன்னொரு நாடும் இருப்பதாகச் சொல்வார். "நீங்க புத்தளத்து ஆக்களா, மன்னார் ஆக்களா?" என்று எங்களிடமும்தானே இரண்டு ஊரிலும் கேட்கிறார்கள்.

தொடர் மேல் எனக்குள்ள பெரிய குறை இங்கேதான் வருகிறது. 1947இல் ரயில்கள் ஒரு திசையில் மட்டும் போகவில்லை. லாகூரிலிருந்தும் கராச்சியிலிருந்தும் இந்துக்களும் சீக்கியர்களும் எதிர்த்திசையில் ஓடினார்கள், செத்தார்கள். கமாலாவின் குடும்பக் கதை என்பதால் அது திரைக்கு வெளியே நின்றுவிட்டது. எங்கள் தீவிலும் 1990 இரண்டு வள்ளங்களின் கதை: ஒன்று தெற்கே கல்பிட்டிக்கு, மற்றது மேற்கே இந்தியாவுக்கு. உம்மம்மாவின் ஆடுகளைச் சொல்லாமல் அந்தச் சிநேகிதியைச் சொல்ல முடியாது, சிநேகிதியைச் சொல்லாமல் ஆடுகளையும்.

தோட்டவெளிக்காரர்களிடம் எனக்கு ஒரு பொறாமை உண்டு. 1544இல் சங்கிலி மன்னனின் ஆணையால் கொல்லப்பட்ட மன்னார்க் கத்தோலிக்கரை அந்த ஊர் இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கிறது, அங்குள்ள சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். ஐந்நூறு ஆண்டுக்குக் கிட்டிய சங்கதி அது. முப்பது சொச்சம் ஆண்டுக்கு முன் நடந்ததைப் பற்றி எங்கள் வீடுகளில் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்பதோடு பேச்சு முடிகிறது. பிள்ளைகளின் மனதில் பகை வளரக்கூடாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் முனீபாவும் அப்படித்தான் நினைத்தார். கதையை மறைத்ததால் மகளுக்கும் அவருக்கும் நடுவில் சுவர்தான் எழுந்தது. கதை தெரிந்த பிறகுதான் இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பேசினார்கள். அன்று ஆட்டுக் கதை கேட்ட எங்களுக்கும் யார் மேலும் பகை வரவில்லை. அந்தச் சினை ஆடு எத்தனை குட்டி போட்டிருக்கும் என்றுதான் தம்பி கேட்டான்.

ஆகவே பெற்றோருக்கு என் விண்ணப்பம்: பரீட்சை முடிந்ததும் டீவியின் ரிமோட்டை ஒளிக்காதீர்கள். ஆறு பாகமும் சேர்த்து ஐந்து மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், உங்கள் மெகா தொடரில் அந்த நேரத்துக்கு ஒரு கல்யாணப் பேச்சுக்கூட முடியாது. கமாலா கராச்சிக்குப் போவது நாலாம் பாகம், ரயில் நிலையம் ஐந்தாம் பாகம். அந்த இரண்டுக்காவது உம்மம்மாவையும் வாப்பும்மாவையும் கூப்பிட்டு முன் கதிரையில் இருத்துங்கள். நிறுத்தும் பொத்தான் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும், நடுவில் அவர்கள் பேசத் தொடங்குவார்கள்.