தொழிலாளியின் அனுபவம் யாருடைய சொத்து?

ஊழியர்கள் தம் அனுபவத்தை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் பொருட்டுக் கம்பெனிகள் பெரும் பொருட்செலவில் கம்ப்யூட்டர் ஏற்பாடுகளைச் செய்கின்றன. சில மாதங்களில் அவற்றைச் சீந்துவாரில்லை என்ற புகார் எழுகிறது. ஊழியர்கள் அறிவை ஒளிக்கிறார்கள் என்று நிர்வாகிகள் குறை கூறுகின்றனர். இக்குற்றச்சாட்டு எவ்வளவு பொருத்தமற்றது என்பதை அமெரிக்க ஜெராக்ஸ் கம்பெனியின் அனுபவமே ருஜுப்படுத்துகிறது.

1980-களில் ஜூலியன் ஆர் என்னும் மானிடவியல் ஆராய்ச்சியாளர், அக்கம்பெனியின் நகலெடுக்கும் யந்திரங்களைப் பழுதுபார்ப்போருடன் கூடவே சென்று அவர்கள் வேலையைக் கவனித்தார். இன்ன கோளாறுக்கு இன்ன பரிகாரமென்று கம்பெனியின் கைப்புத்தகம் விதித்தது. யந்திரங்களோ புத்தகத்துக்குக் கட்டுப்பட்டுக் கெடுவதில்லை. ஆகவே, சாப்பாட்டு வேளையில் கூடிப் பேசிய கதைகளிலிருந்தே ஊழியர்கள் தொழில் நுட்பங்களைக் கற்றனர். வீண் பேச்சென்று மேலதிகாரிகள் எண்ணக்கூடியதே அவர்களுக்குப் பள்ளிக்கூடமாயிருந்தது.

1990-களில் இதையொட்டி 'யுரேகா' என்னும் ஏற்பாடு பிரான்ஸ் தேசத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. புதிய பரிகாரம் கண்ட ஊழியர் அதை எழுதி அனுப்புவார். சக ஊழியர்கள் பரீட்சித்து ஒப்புக்கொண்ட பின்னரே அது யாவருக்கும் கிட்டும். எழுதியவர் பெயரும் அதனுடன் நிற்கும். பண வெகுமதி அளிக்கலாமென்ற யோசனை எழுந்தபோது, ஏற்பாட்டை வகுப்பதில் பங்குகொண்ட ஊழியர்களே அதை மறுத்தனர். காசுக்கு எழுதினால் எண்ணிக்கை பெருகும், தரம் குன்றும் என்பது அவர்கள் வாதம். சகாக்களின் மதிப்பே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

எனவே, குறை ஊழியரிடமன்று. அவர்களைக் கலக்காமல் மேலிருந்து யந்திரத்தைத் திணிக்கும் முறையிலேயே இருக்கிறது. இதில் மற்றோர் அபாயமும் உண்டு. நமது நாட்டின் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், ஊழியன் தன் உத்தியோக முறையில் எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளியே. இருபது வருஷ அனுபவத்தை எழுதி வாங்கிக்கொண்டு, எழுதியவனையே வீட்டுக்கு அனுப்புவதும் சாத்தியம். இவ்வச்சம் நீங்காதவரை எவன் மனமுவந்து எழுதுவான்?

தொழிற்சங்கங்கள் இவ்விஷயத்தில் வாளாவிருத்தல் தகாது. எழுதுவோர் பெயர் நிலைக்க வேண்டும். சகாக்களே பரீட்சகராக வேண்டும். எழுதும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். பகிர்ந்த அறிவைக் காரணமாக்கி ஒருவரையும் நீக்கலாகாது. இந்நான்கையும் கூலி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது அவசியம். யந்திரத்தை முதலாளி விலைக்கு வாங்கலாம். தொழிலாளியின் நம்பிக்கையை நியாயத்தினாலன்றிப் பெற முடியாது.