மூன்று இன்னிங்ஸ் வரை கேட்ட குரல்

விளையாட்டுக் கழகம் ஒன்று தனக்கெனத் தனியே ஒரு தொலைக்காட்சி நிலையத்தை அமைத்து, அதனைத் தன் சொந்த ஊரவரிற் பெரும்பாலோர் பார்க்க இயலாதவாறு ஆறு வருட காலம் நடத்திய வினோதத்தை வாசக நேயர்கள் கேள்வியுற்றதுண்டோ? அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரில் இது நடந்தது. 2014ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆந் திகதி ஒளிபரப்பைத் தொடங்கிய அந்நிலையத்தின் பெயர் 'ஸ்போர்ட்ஸ்நெற் எல்.ஏ.' என்பது. அதன் வரலாற்றை இவ்வாரம் சற்று விரிவாகவே கூற எண்ணுகின்றோம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது விளையாட்டுச் சமாசாரம். உள்ளே புகுந்து பார்த்தாலோ, ஒரு முதியவரின் குரலும் பெருந்தொகைப் பணமும் ஒன்றோடொன்று மோதிய கதை.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. பேஸ்போல் என்பது நம்மவர் அதிகம் அறியாத ஆட்டம். கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். அதிலும் பந்தெறிவார் ஒருவர், அடிப்பார் ஒருவர். அதிலும் இன்னிங்ஸ் உண்டு. ஆயின் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒரு பருவகாலத்தில் ஒவ்வொரு கழகமும் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. ஏப்பிரல் தொட்டுச் செப்டெம்பர் வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டமே. ஆகையால் அங்குள்ள குடும்பங்களுக்கு அது திருவிழாப் போன்று எப்போதோ வந்து போவதன்று; இராப்போசனத்தைப் போன்று அன்றாடம் வருவது.

டொட்ஜர்ஸ் என்னும் கழகம் முன்பு நியூயோர்க்கின் புரூக்ளினில் இருந்தது. அதன் அதிபர் வோல்ட்டர் ஓமாலி 1957இன் முடிவில் கழகத்தைக் கட்டிக்கொண்டு லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தார். அவருடன் வந்தவர்களுள் முப்பது வயதான ஒரு வர்ணனையாளரும் இருந்தார். வின் ஸ்கலி என்பது அவர் பெயர். 1950ஆம் ஆண்டிலேயே, ரெட் பார்பர் என்னும் புகழ்பெற்ற மூத்த வர்ணனையாளரின் கீழ், அக்கழகத்தின் ஆட்டங்களை வர்ணிக்கத் தொடங்கியவர்.

புதிய ஊரில் கழகத்துக்கு உடனே மைதானம் அமையவில்லை. கொலிசியம் என்னும் மாபெரும் விளையாட்டரங்கில் ஆட வேண்டியதாயிற்று. 1958 ஏப்பிரல் 18ஆந் திகதி நடந்த முதலாட்டத்துக்கு வந்தவர்கள் 78,672 பேர். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஆட்டக்காரர் எறும்புகளாகத் தெரிந்திருப்பர். அவர்கள் செய்த உபாயம் மிகவும் ரசிக்கத்தக்கது. அக்காலத்தில் புதிதாக வந்திருந்த டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளைக் கையோடு கொண்டு வந்து, கண்ணெதிரே நடக்கும் ஆட்டத்துக்கு ஸ்கலியின் வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ஒருநாள், நடுவர்களுள் ஒருவரான பிராங்க் செக்கரி என்பாரின் பிறந்தநாள் என்று அறிந்த ஸ்கலி, வானொலியில் 'ஒன்று, இரண்டு, மூன்று' என எண்ணினார். மைதானம் முழுவதும் ஒரே குரலாக எழுந்து நடுவருக்கு வாழ்த்துக் கூறிற்றாம்! கிரிக்கெட் நேர்முக வர்ணனைக்காக வானொலிப் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வானொலிக்கு இவ்வளவு தாராளம் காட்டிய ஓமாலி, தொலைக்காட்சி விஷயத்தில் படு கெட்டிக்காரர். ஆட்டத்தை வீட்டிலிருந்து இலவசமாகப் பார்ப்பவன் மைதானத்துக்குச் சீட்டு வாங்கி வரமாட்டான் என்பது அவர் கணக்கு. ஆகவே ஆரம்ப ஆண்டுகளில், பரம வைரிகளான சான் பிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸ் கழகத்துடன் அந்த ஊரில் நடந்த ஆட்டங்களை மாத்திரமே லொஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். சான் பிரான்சிஸ்கோ என்னும் பெயரை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்க. பின்னர் அது மீண்டும் வரும்.

இலவசமாகக் காட்ட மனம் வராத ஆட்டத்தைக் கட்டணத்துக்குக் காட்டலாமே என்ற யோசனையும் அக்காலத்திலேயே பிறந்துவிட்டது. 1964ஆம் ஆண்டில், பார்த்த நிகழ்ச்சிக்கு மாத்திரம் காசு வாங்கும் கட்டணத் தொலைக்காட்சி ஒன்று அந்நகரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் தொடங்கிற்று. டொட்ஜர்ஸ் ஆட்டங்களே அதன் பிரதான சரக்கு. திரையரங்கு உரிமையாளர்கள் திடுக்கிட்டனர். 'இலவசத் தொலைக்காட்சியைக் காப்பாற்றுங்கள்' என்று ஊரெல்லாம் பிரசாரம் செய்து, அவ்வாண்டு நவம்பரில் நடந்த வாக்கெடுப்பிலே கட்டணத் தொலைக்காட்சியைத் தடைசெய்யும் சட்டத்தைக் கலிபோர்னியா மக்களைக் கொண்டே நிறைவேற்றுவித்தனர். பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதம் எனக் கூறி 1966இல் மாநில உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது. ஆனால் என்ன? அதற்குள் கம்பனி முறிந்துபோயிற்று.

நிற்க. வாசலால் விரட்டப்பட்டது பின்கதவால் வந்தது. அப்பின்கதவு கேபிள் தொலைக்காட்சி. 1985இல் அந்நகரின் கூடைப்பந்தாட்டக் கழகமான லேக்கர்ஸின் அதிபர் ஜெரி பஸ், கேபிள் தொழிலதிபர் பில் டானியல்ஸுடன் சேர்ந்து 'பிரைம் டிக்கற்' என்னும் பிராந்திய விளையாட்டு அலைவரிசையை ஆரம்பித்தார். அமெரிக்காவில் இத்தகைய நிலையங்கள் நகருக்கு நகர் முளைத்தன. அவற்றின் சூட்சுமம் யாதெனின், கேபிள் கம்பனி பல நிலையங்களை ஒரே கட்டாகக் கட்டிச் சந்தாதாரருக்கு விற்கும். விளையாட்டு நிலையத்துக்குரிய மாதக்கூலி அக்கட்டின் விலைக்குள்ளேயே அடக்கம். ஆட்டத்தை இரவு தவறாது பார்க்கும் இளைஞனும் கொடுப்பான். பேஸ்போல் மட்டையைக் கையாலும் தொட்டறியாத பாட்டியும் கொடுப்பாள். பாட்டிக்குத் தான் கொடுப்பது தெரியாது என்பதே இவ்வியாபாரத்தின் உயிர்நாடி! 1964இல் மக்கள் வாக்களித்து மறுத்தது, பார்க்க விரும்பியவன் மனமறிந்து கொடுக்கும் காசை. இப்போது வசூலானதோ எவரையும் கேளாமலே எல்லாரிடமிருந்தும்.

பாட்டிமாரின் காசு சேர்ந்தால் எவ்வளவாகும் என்பதை 2012ஆம் ஆண்டு உலகம் கண்டது. டொட்ஜர்ஸ் கழகம் அதற்கு முந்திய ஆண்டில் வங்குரோத்து நீதிமன்றத்தின் படியேறியிருந்தது. அப்படிப்பட்ட கழகத்தை குகன்ஹெய்ம் நிதிக்குழுவினர் 200 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கினர். இவர்களுக்குச் சித்தப்பிரமையோ என ஊரார் வியந்தனர். மறு ஆண்டிலேயே விடை வெளிவந்தது. நிலையத்தைத் தாமே சொந்தமாக அமைத்து, அதை விநியோகிக்கும் உரிமையை 25 வருடத்துக்கு டைம் வோர்னர் கேபிள் கம்பனிக்கு விற்றுவிட்டனர். தொகை 835 கோடி டொலர் எனக் கூறப்பட்டது. வகுத்துப் பார்த்தால் வருடத்துக்குச் சராசரி 33 கோடியே 40 இலட்சம். ஆடும் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் 20 இலட்சம் டொலருக்கு மேல். அதுவரை ஒரு பகுதி ஆட்டங்களைக் காட்டிவந்த இலவச அலைவரிசையின் பங்கு 2013ஆம் ஆண்டோடு முற்றிற்று.

நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை அந்நிலையத்தைக் குறைகூற இடமில்லை. இருபத்துநான்கு மணிநேரமும் ஒரே கழகம். தேசிய நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டவை போக, எஞ்சிய ஆட்டங்கள் யாவும் நேரடியாக ஒளிபரப்பாயின. வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களும் வந்தன. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் 'அக்செஸ் ஸ்போர்ட்ஸ்நெற்' என்னும் ஆய்வுரை. ஆட்டக்காரரின் உடைமாற்றும் அறையும் வீடும் பயணமும் காட்டும் 'பாக்ஸ்ரேஜ்' என்னும் விவரணத் தொடர். பழைய வெற்றிகளின் மறு ஒளிபரப்பு. ஸ்பானிய மொழி பேசுவோர் இலட்சக்கணக்கில் வாழும் நகரமாகையால் அம்மொழி வர்ணனைக்கு இரண்டாம் ஒலித்தடமும் ஏற்படுத்தினர். எக்குவடோரிலிருந்து வந்து, 1959 முதல் 2022 வரை இக்கழகத்துக்கு ஸ்பானிய மொழியில் வர்ணனை செய்த ஹைமே ஹரீனின் தொண்டு தனிக் கட்டுரைக்குரியது. எல்லாவற்றுக்கும் மகுடமாக வின் ஸ்கலி இருந்தார். எண்பது வயதைக் கடந்தும் உடன்வர்ணனையாளர் எவருமின்றித் தனியே அமர்ந்து, சொந்த மைதானத்து ஆட்டங்களையும் அயல் ஊர்கள் சிலவற்றின் ஆட்டங்களையும் அவர் வர்ணித்துவந்தார். அரங்கம் ஆர்ப்பரிக்கும் வேளையில் தாம் வாய்மூடியிருக்கும் வித்தையை அவரைப்போல் அறிந்தவர் அரியர்.

சரி, பந்தி போட்டாயிற்று, உண்பார் எங்கே? சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் 4 டொலருக்கு மேற்பட்ட கட்டணத்தை டைம் வோர்னர் கேட்டதாகச் சொல்லப்பட்டது. டிரெக்ட்டீவி முதலான ஏனைய கம்பனிகள் ஒரேயடியாக மறுத்துவிட்டன. 'வேண்டியவர்கள் மாத்திரம் தனியாகக் காசு கட்டிப் பார்க்கட்டும்' என்றன அவை. அதற்கு மற்றத் தரப்பு இணங்கவில்லை. பாட்டிமாரை விட்டுவிட்டால் 835 கோடி எங்கிருந்து வரும்? விளைவு, அப்பிரதேச வீடுகளில் ஏறத்தாழ 70 வீதமானவற்றில் நிலையம் தெரியவில்லை. வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, அத்தெருவில் எந்தக் கம்பனியின் கம்பி ஓடுகிறது என்பதைப் பொறுத்தே டொட்ஜர்ஸ் அபிமானம் செல்லுபடியாயிற்று.

இணையத்தின் மூலம் பார்க்கலாமே என்பீர்கள். அங்குதான் இன்னொரு விசித்திரம். பேஸ்போல் சம்மேளனத்தின் இணையச் சந்தாவைக் கட்டினால் நியூயோர்க்கில் இருப்பவர் டொட்ஜர்ஸ் ஆட்டத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். லொஸ் ஏஞ்சல்ஸில் இருப்பவருக்கோ இருட்டடிப்பு. உள்ளூர் நிலையத்தின் உரிமையைக் காக்கும் விதியாம் அது. ஊரை விட்டுப் போனவனுக்கு ஊர்க்கோயில் தேர் தெரிகிறது, தேரோடும் வீதியிலே வாழ்பவனுக்குத் திரை!

ஆனால் நம் மனதை அதிகம் உறுத்துவது இதுவன்று. ஸ்கலியின் வர்ணனை தொலைக்காட்சிக்கு உரியது. எனினும் முதல் மூன்று இன்னிங்ஸ் மாத்திரம் அதே வர்ணனை வானொலியிலும் அஞ்சலாகும். பல்லாண்டு வழக்கம் அது. நிலையம் கிடைக்காத வீடுகளில் மக்கள் என்ன செய்தனர்? தங்கள் தந்தைமார் கொலிசியத்தில் செய்ததையே செய்தனர். வானொலியைத் திருப்பினர். மூன்று இன்னிங்ஸ் வரை அந்தக் குரல் கேட்கும். மூன்றாவது முடிந்ததும் அவர் விடைபெற்றுத் தொலைக்காட்சிக்குள் போய்விடுவார். வானொலியை வேறு வர்ணனையாளர் ஏற்றுக்கொள்வார். மீதி ஆறு இன்னிங்ஸும் அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார், அடுத்த தெருவில் யாருக்கோ. ஆட்டம் ஆண்டுதோறும் வரும். எண்பத்தேழு, எண்பத்தெட்டு வயதுக் குரல் ஆண்டுதோறும் வருமென்று யார் கையெழுத்திட்டுக் கொடுக்க முடியும்? இவ்வொப்பந்தத்திலே கழகமும் கம்பனிகளும் எதையெதையோ எண்ணிக் கணக்கிட்டன. இதைக் கணக்கில் எடுத்ததற்கு அறிகுறியே இல்லை.

சார்ட்டர் என்னும் கம்பனி, டைம் வோர்னரை வாங்க முற்பட்ட 2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அதுவரை மறுத்து வந்த நிலையத்தை மளமளவெனத் தன் சந்தாதாரருக்குத் திறந்துவிட்டது. விலை அதிகம் என்ற நியாயம் எங்கே பறந்ததோ! 2016 நவம்பரில் அமெரிக்க நீதித் திணைக்களம் டிரெக்ட்டீவியின் மீது வழக்குத் தொடுத்தது. போட்டிக் கம்பனிகளுடன் இரகசியத் தகவல் பரிமாறி, எவரும் இந்நிலையத்தை எடுக்காதபடி பார்த்துக்கொண்டதாகக் குற்றச்சாட்டு. அவ்வாறு தகவல் பரிமாறிய கம்பனிகளின் பட்டியலில் சார்ட்டரும் இருந்தது. 2017 மார்ச்சில் வழக்குச் சமரசமாயிற்று. இனித் தகவல் பரிமாறுவதில்லை என்பது உடன்படிக்கை. நிலையத்தை எடுத்துக் காட்ட வேண்டுமென்ற நிபந்தனை அதில் இல்லை.

ஸ்கலி அதற்குள் விடைபெற்றுவிட்டார். 2016ஆம் ஆண்டு அவருக்கு 67ஆவது பருவம். அதுவே இறுதி என முன்கூட்டியே அறிவித்திருந்தார். ஊரார் கூக்குரல் பொறுக்கமாட்டாமலோ என்னவோ, அவர் வர்ணித்த கடைசி ஆறு ஆட்டங்களையும் கே.ரீ.எல்.ஏ. என்னும் இலவச அலைவரிசையும் காட்ட அனுமதி வழங்கினர். செப்டெம்பர் 25ஆந் திகதி சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். மேலதிக இன்னிங்ஸுக்குச் சென்ற அவ்வாட்டத்தில், சார்லி கல்பர்சன் அடித்த பந்து எல்லை தாண்டிப் போக, ஆட்டமும் பிரிவின் முதலிடமும் டொட்ஜர்ஸுக்கே கிடைத்தன. ஒக்டோபர் 2ஆந் திகதி அவர் கடைசியாக ஒலிவாங்கியின் முன் அமர்ந்தது சான் பிரான்சிஸ்கோவில். கழகம் அந்நகருக்கு வந்த புதிதில் ஊரார் எந்த ஊர் ஆட்டத்தை மாத்திரம் இலவசமாகக் கண்டனரோ, அந்த ஊர் ஆட்டத்தையே ஸ்கலியின் இறுதி ஆட்டமாகவும் இலவசமாகக் கண்டனர். 2022 ஓகஸ்டில், தமது 94ஆவது வயதில், அவர் காலமானார்.

டிரெக்ட்டீவியைச் சொந்தமாக்கியிருந்த ஏ.ரீ. அன்ட் ரீ. கம்பனியுடன் ஒருவாறு உடன்பாடு ஏற்பட்டது 2020 ஏப்பிரலில். திரை விலகிய அவ்வேளையில் காட்டுவதற்கு ஆட்டம் இல்லை. கொள்ளைநோய் காரணமாகப் பருவகாலம் யூலை வரை ஒத்திப்போடப்பட்டிருந்தது.

இதற்கிடையில் பாட்டிமார் விழித்துக்கொண்டனர். கேபிள் சந்தாவை வெட்டும் குடும்பங்கள் ஆண்டுக்காண்டு பெருகவே, பிராந்திய விளையாட்டு நிலையங்களின் அத்திவாரம் ஆட்டங்கண்டது. 14 பேஸ்போல் கழகங்களின் ஒளிபரப்பு உரிமையை வைத்திருந்த டயமண்ட் என்னும் குழுமம் 2023 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரிற்று. அதே ஆண்டு மே மாத இறுதியில், அயல் நகரமான சான் டியேகோவின் கழகத்துக்குரிய பணம் வந்து சேராமற் போகவே, சம்மேளனம் தானே ஒளிபரப்பைக் கையேற்று அவ்வூரின் இருட்டடிப்பையும் நீக்கியது. டொட்ஜர்ஸ் நிலையம் அவ்வாறு வீழவில்லை. அதன் ஒப்பந்தம் இன்னும் பல வருடங்களுக்கு உண்டு. எனினும் 2025ஆம் ஆண்டு, கேபிள் இல்லாத உள்ளூர்வாசிகளும் தனிச்சந்தா கட்டி இணையத்தின் வழியே நேரடியாகப் பார்க்கும் ஏற்பாட்டை அந்நிலையமும் செய்தது. வேண்டியவர் மாத்திரம் காசு கொடுத்துப் பார்க்கும் ஏற்பாடு. 1964ஆம் ஆண்டு கலிபோர்னியா மக்கள் வாக்குப்போட்டுத் தடைசெய்தது இதைத்தான்.